ஒரு இளநீரும் ஒரு ஸ்ட்ராவும்: கடைவாய்ப் பல் எடுத்த கதை

கீழ் இடது கடைவாயில் படுத்த வாக்கில் முளைத்திருந்த ஞானப்பல்லைக் கும்பகோணத்துக்குப் போய் எடுத்துக்கொண்டேன். ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் இழைத்து, பல்லை இரண்டு துண்டாக்கி எடுத்து, மூன்று தையல். மரத்துப்போகிற ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

வம்பு ரிசப்ஷனில் ஆரம்பித்தது. வீட்டில் செய்ய வேண்டியது, கூடாதது எல்லாம் எழுதிய தாள் ஒன்று வெளியே தருவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டேன். வாயில் பஞ்சு, நாக்கு பாதி மரத்திருக்கிறது, 'தாள்' என்றது 'ஆள்' என்று வந்தது. "கூட வந்த ஆளா? வெளிய நிக்கிறார் சார்" என்றார் அந்தப் பெண். கையால் எழுதிக் காட்டினேன். "ஓ, அதுவா? தீந்து போச்சு சார், ஜெராக்ஸ் எடுக்கணும். கஞ்சி குடிங்க, மாத்திரை போடுங்க, ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாது என்று நம்பி வெளியே வந்து இரண்டு தப்பு செய்தேன். பஞ்சை ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்தபடி எச்சிலை விழுங்கியிருக்க வேண்டும். நானோ கால் மணி நேரத்தில் பஞ்சை எறிந்துவிட்டு, வலங்கைமான் வரை பஸ் ஜன்னலில் துப்பிக்கொண்டே வந்தேன். எச்சிலோடு கலந்தால் ஒரு சொட்டு ரத்தமும் ஒரு வாய் ரத்தமாகத் தெரியும், பயந்துவிட்டேன். இன்னொரு தப்பு, பஸ் ஏறுமுன் மச்சான் வாங்கித் தந்த இளநீர். வாயைத் திறக்க முடியாதவனுக்கு ஸ்ட்ரா வசதிதானே என்று கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினேன்.

பல் இருந்த குழியில் உறைகிற ரத்தம்தான் அடியில் இருக்கும் எலும்புக்கும் நரம்புக்கும் மூடி. துப்பினாலும் உறிஞ்சினாலும் அது பெயர்ந்துவிடலாம். பீடி, சிகரெட்டும் அதே வேலையைச் செய்யும். இதெல்லாம் எனக்கு அடுத்த திங்கட்கிழமைதான் தெரிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியது. இரண்டு மூன்று நாள் வரை வீக்கம் ஏறுவது சகஜம். ஐஸைத் துணியில் சுற்றி இருபது நிமிஷம் வைத்து, இருபது நிமிஷம் எடுத்து, தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுத்தேன். மத்தியானம் கரண்ட் போய் ஐஸ் கரைந்ததைத் தவிர குறையில்லை. கஞ்சி, ஆறின ரசம் சாதம், பாலில் ஊறிய இட்லி.

சனிக்கிழமை சாயங்காலம்தான் வலி திரும்பி வந்தது. காதுக்குள், பொட்டில், தாடை முழுக்க. மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் தாங்கும். வாயில் ஒரு கெட்ட நாற்றம் வேறு. ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா வெற்றிலைப் பெட்டியோடு வந்து, "கிராம்ப நசுக்கிக் குழிக்குள்ள வையிடா, செத்த நேரத்துல நிக்கும்" என்றார். என் மனைவி, "தையல் போட்ட எடம் அத்தை, வெந்து போயிடும்" என்று தடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து நேரே போனால் ஷட்டர் சாத்தியிருக்கிறது. இன்னொரு முறை அடித்துப் பார்த்தேன், உள்ளே மேஜைமேல் போன் அடிப்பது வெளியே கேட்டது. போக வர 400 ரூபாய். நீங்களாவது பல் எடுக்க வியாழக்கிழமை போகாதீர்கள், வாரத்தின் முதல் நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். லீவு நாளில் யாரைக் கூப்பிடுவது என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றாலோ ஷட்டர் முன்னால் நிற்காமல் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

திங்கட்கிழமை டாக்டர் பார்த்தவுடனே, "டிரை சாக்கெட். ஸ்ட்ராவுல எதுவும் குடிச்சீங்களா?" என்றார். உறைந்த ரத்தம் பெயர்ந்து குழி மூடியில்லாமல் கிடப்பதற்குத்தான் அந்தப் பெயராம். மச்சான் சுவரைப் பார்த்தான். குழியை மருந்துத் தண்ணீரால் கழுவி உள்ளே ஒரு மருந்துத் துணியை வைத்தார். வாயெல்லாம் கிராம்பு வாசனை! கிராம்பு எண்ணெயில் இருக்கிற யூஜினால்தானாம். பெரியம்மாவிடம் இன்றுவரை இதைச் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் வலி இறங்கியது, பஸ்ஸிலேயே தூங்கிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போய் மருந்தை மாற்றிக்கொண்டேன்.

உப்புத் தண்ணீர் விஷயத்திலும் ஒன்று: முதல் இருபத்துநாலு மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது. அப்புறமும் வெதுவெதுப்பாக வாயில் வைத்து, தலையைச் சாய்த்துத் தானாக விழ விட வேண்டும். வீட்டில் ஆளாளுக்கு, "நல்லா கொப்பளிச்சுத் துப்பு" என்பார்கள். கேட்காதீர்கள்.

தையல் பிரித்த அன்று அந்தத் தாளை மறுபடி கேட்டேன், இந்த முறை வாய் தெளிவாக இருந்தது. இன்னும் ஜெராக்ஸ் எடுக்கவில்லையாம். டாக்டர் மேஜையில் இருந்த ஒரே பிரதியை வாங்கி, எதிர்க்கடையில் 25 பிரதி எடுத்து ரிசப்ஷனில் வைத்தேன். ஒன்றை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வலது பக்கமும் ஒரு பல் படுத்திருக்கிறது.