நல்ல பல்லுக்கு ரூட் கெனால் செய்யச் சொன்னார்கள்

தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் பல் தேயாமல் இருக்க இரவில் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டு ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. தாடை வலி முக்கால்வாசி குறைந்திருக்கிறது. ஆனாலும் இதற்காக அலைந்ததையும், பழுதே இல்லாத பல்லின் நரம்பை எடுக்கப் பார்த்ததையும் நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் இதே வலியோடு காதுக்கும் பல்லுக்கும் மாறி மாறி மருந்து வாங்கிக்கொண்டிருப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசர் வேலை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது எங்கள் ஊர் என்ன பாடுபட்டது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தைத்துப் பெட்டி கட்டிய சரக்கு கிளம்பாமல் நின்றது. தள்ளுபடி கேட்டுத் தினமும் நள்ளிரவில் போன் வரும். அந்த மாதங்களில்தான் காலையில் வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகிப்போக ஆரம்பித்தது. நெற்றிப்பொட்டில் வலி, வலது காதுக்குள் குத்தல், கீழ்க் கடைவாய்ப் பல்லில் கூச்சம். நான் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதை மாமியார் கேட்டிருக்கிறார். "வயிற்றில் பூச்சி இருக்கும் அம்மிணி" என்று அன்றே மாத்திரை வாங்கி வந்துவிட்டார். அவருடைய அக்கறையில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு உண்டு என்பது காலங்காலமாக வரும் நம்பிக்கைதான்.

காது மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார். பயனில்லை.

அடுத்துப் போன பல் மருத்துவமனையில்தான் வயிற்றெரிச்சல். ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்தார்கள். "நரம்பு போய்விட்டது, ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டும், இன்றே ஆரம்பிக்கலாம்" என்றார்கள். பல்லைத் தட்டிப் பார்க்கவில்லை. குளிர்ச்சியாக எதையும் வைத்துப் பார்க்கவில்லை. தூக்கம் எப்படி, வேலை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பணம் மட்டும் கேட்டார்கள். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லி எக்ஸ்ரேயைக் கேட்டேன். "சிகிச்சை இங்கே எடுத்தால்தான் படம் தருவோம்" என்றார் வரவேற்பில் இருந்தவர். நான் பணம் கட்டி எடுத்த படம், அதை நான் கேட்டு வாங்கக் கூடாதா? நகராமல் நின்றேன். பின்னால் வரிசை நீண்ட பிறகு, திரையில் தெரிந்த படத்தைப் போனில் பிடித்துக்கொள்ள மட்டும் விட்டார்கள். அது மங்கலாக விழுந்தது. எங்கே போனாலும் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே "பிரதி தருவீர்களா" என்று கேட்டுவிடுங்கள்.

தோழி ஒருத்தி சொல்லித்தான் கோவைப் பக்கம் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். முதல் தடவை ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். மாலை வரை பார்ப்பார்கள் என்று போனில் சொன்னவர், புது ஓ.பி. சீட்டு காலையோடு முடிந்துவிடும் என்பதைச் சொல்லவில்லை. மறுபடியும் விடிகாலையில் கிளம்பினேன்.

ஆனால் அங்கே கிடைத்த கவனிப்புக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். பட்ட மேற்படிப்பு மாணவி ஒருவர் எதிரில் உட்கார்ந்து, என்ன வேலை, எத்தனை மணிக்குத் தூக்கம், மாலையில் எத்தனை காபி, வேறு என்ன மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் பல் கடிப்பு வரலாமாம். அதற்காக யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள். பிறகு இரண்டு கன்னத்தையும் விரலால் அழுத்தினார். துள்ளிவிட்டேன். உணவை மெல்லும் தசை அங்கேதான் இருக்கிறது. தாடை மூட்டு காதுக்கு நேர் முன்னால் இருப்பதால் வலி காதுவலி மாதிரியே தெரியும் என்று விளக்கினார். கடைவாய்ப் பற்களின் மேடுகள் தேய்ந்து தட்டையாகியிருப்பதைக் கண்ணாடியில் காட்டினார்.

ரூட் கெனால் செய்யச் சொன்ன பல்லில் குளிர்ந்த பஞ்சை வைத்தார். சுரீரென்றது, எடுத்த சில நொடிகளில் அடங்கிவிட்டது. "நரம்பு உயிரோடு இருக்கிறது. எனாமல் தேய்ந்ததால்தான் கூசுகிறது" என்றார். புது எக்ஸ்ரேயைப் பார்த்த பேராசிரியரும் அதையே உறுதிசெய்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நைட் கார்டுக்கு அளவெடுத்தது சில நிமிடங்களில் முடிந்தது. அலுவலகக் குழுக் காப்பீட்டில் புறநோயாளி பல் சிகிச்சைக்கு இடமில்லை என்று பதில் வந்தது. கார்டு தயார் என்று குறுஞ்செய்தி பார்த்துப் போனால், லேபிலிருந்து வந்தது வேறு ஒருவருடையது. கிளம்புவதற்கு முன் போன் செய்து, உங்கள் ஓ.பி. எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னுடைய கார்டு வந்த பிறகும் தொல்லை தீரவில்லை. வலது பக்கம் சற்று உயரம், மாட்டினால் வலி கூடியது. "பழகிவிடும்" என்றார் ஊழியர். பழகாது, பழகவும் கூடாது. மருத்துவரைப் பார்க்காமல் போக மாட்டேன் என்றேன். மருத்துவர் வண்ணத்தாளைக் கடிக்கவைத்து, சாயம் அழுத்தமாகப் பதிந்த இடத்தை ராவிக் கொடுத்தார். அன்றிரவே வித்தியாசம் தெரிந்தது. சரிபார்த்துத் தருவதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான், கூச்சப்படாமல் கேளுங்கள்.

கார்டு கடிப்பதை நிறுத்தாது, பல் தேயாமல் காக்கும், அவ்வளவுதான். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அதனால் பகலிலும் கவனம் வேண்டும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட வேண்டியது மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான். கணினித் திரையின் ஓரத்தில் 'உதடு மூடி, பல் விலகி' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். வரி பற்றிய மின்னஞ்சலைப் படிக்கும்போதெல்லாம் தாடை தானாக இறுகுவது இப்போதுதான் தெரிகிறது. மாலைக் காபியை விட்டேன். படுக்கும் முன் கன்னத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன்.

இணையத்தில் விற்கும் மென்மையான ரப்பர் கார்டை அவசரப்பட்டு வாங்காதீர்கள். அதைச் சிலர் தூக்கத்தில் இன்னும் அதிகமாக மெல்வார்கள் என்று அந்த மாணவி எச்சரித்தார். கார்டை வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும், பச்சைத் தண்ணீர் போதும்.

அழுத்தம் கூடிய நாட்களில் எனக்கு வாய்ப்புண்ணும் வந்தது. மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டேன், ஒரு வாரத்தில் ஆறியது. இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணைக் கீரையை நம்பி விட்டுவிடாதீர்கள். புகையிலை, பாக்குப் பழக்கம் இருப்பவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். கல்லூரிக்குப் போவதென்றால் காலை எட்டு மணிக்கே ஓ.பி. வரிசையில் நின்றுவிடுங்கள். பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு இரண்டும் கையில் இருக்கட்டும்.