செந்தோசாவுக்குப் போக எத்தனை வழி

சிங்கப்பூர்க்காரர்கள் செந்தோசாவில் ஒரு ராத்திரி தங்கப் போனால் அதற்கு ஸ்டேகேஷன் என்று பெயர் வைத்து, ஏதோ நியூசிலாந்துக்கே கிளம்புகிற மாதிரி அலட்டிக்கொள்வார்கள். எங்கள் கூட்டமும் அப்படித்தான். விவோசிட்டி மால் பக்கம் நின்றால் எதிரே கண்ணுக்குத் தெரிகிற தீவு, பாலத்தில் நடந்தால் முக்கால் கிலோமீட்டர்கூட வராது, அதற்குப் போய் வாட்ஸ்அப்பில் நாங்கள் போட்ட திட்டத்தை யாராவது வெளியாள் படித்தால் ஆறு பேர் இமயமலை ஏறப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

ஆறு பேர் யார் யார் என்றால், நான், அலுவலகத்தில் எங்களுக்கு மூத்த அக்கா ஒருவர், புதிதாகக் கல்யாணமான மாப்பிள்ளை, அவன் மனைவி, திருச்சியிலிருந்து இதற்காகவே வந்த பழைய கல்லூரி நண்பன், அப்புறம் ஆடிட்டர். ஆடிட்டர் உண்மையில் ஆடிட்டர் இல்லை. கிடங்கில் வேலை. ஆனால் கூட்டமாகக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து எழுந்தால், யார் ஒரு தே ஓ கூடுதலாகக் குடித்தார்கள் என்பது மறுவாரம் வரைக்கும் அவனுக்கு ஞாபகம் இருக்கும். அறையை அவன் பெயரில், அவன் அட்டையில்தான் போட்டிருந்தோம், பாயிண்ட் கிடைக்கிறதாம்.

மதியம் இரண்டு மணிக்கு எல்லாரும் விவோசிட்டியில் கூடுவது, மூன்று மணிக்கு அறைச் சாவியை வாங்குவது, சாயங்காலம் சும்மா சுற்றுவது, மறுநாள் காலையில் தீவிலிருக்கிற யூனிவர்சல் ஸ்டூடியோஸ் தீம் பார்க்கின் கதவு திறக்கும்போது முதல் ஆளாக நிற்பது. இதுதான் திட்டம்.

ஒரு மணிக்கு குழுவில் ஒரு செல்ஃபி வந்து விழுந்தது. யூனிவர்சலின் அந்தச் சுழலும் உலக உருண்டைக்கு முன்னால் திருச்சிக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். திருச்சியிலிருந்து நாலு மணி நேரம் பறந்து, சாங்கியில் குடிநுழைவைத் தாண்டி, டாக்சி பிடித்து, ஹோட்டலில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, உருண்டைக்கு முன்னால் வரிசையில் நின்று படமும் எடுத்துவிட்டான். கீழே ஒரு வரி: "எங்கடா இருக்கீங்க?"

நானும் அக்காவும் ஊரின் வடக்கே யீஷுன் நிலைய நடைமேடையில் இருந்தோம்.

காரணம் அக்காவின் பெட்டி. ஒரு ராத்திரிக்கு அவர் கொண்டுவந்த பெட்டி, ஊருக்குப் போகும்போது முப்பது கிலோ போட்டுக் கட்டுகிற அதே பெட்டி. உள்ளே என்ன என்று கேட்டால், குட்டி ரைஸ் குக்கர், அரிசி, ஊறுகாய், இரண்டு பெரிய டப்பா நிறைய புளிசாதம், எல்லாருக்கும் சேர்த்து ஆறு போர்வை. ஹோட்டலில் போர்வை கொடுப்பார்கள் அக்கா என்றேன். "கொடுப்பாங்க. துவைச்சிருப்பாங்களா?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. டோபி காட்டில் சிவப்புத் தடத்திலிருந்து ஊதாத் தடத்துக்கு மாறுகிற அந்த நீண்ட நடையில் பெட்டியை நான்தான் இழுத்தேன் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். ரயிலில் சாப்பிட்டால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும், யாரும் டப்பாவைத் திறக்கவில்லை, ஆனால் புளிசாதத்துக்கு அந்தச் சட்டம் தெரியாதே. சைனாடவுன் வருவதற்குள் ரயில்பெட்டி முழுக்க நல்லெண்ணெய் வாசம், எதிரே உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பாட்டி எங்கள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா பசியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

விவோசிட்டி மூன்றாம் மாடியில் ஏறினால் செந்தோசா எக்ஸ்பிரஸ், தீவுக்குப் போகிற மோனோரயில். தீவுக்குள் போக 4 வெள்ளி, உள்ளே ஊர் சுற்றுவதும் திரும்பி வருவதும் இலவசம். சனிக்கிழமைக் கூட்டம். குழந்தை வண்டிகள் எங்களை உள்ளே உள்ளே தள்ளி எதிர்க்கதவோடு ஒட்டவைத்துவிட்டன. முதல் நிறுத்தமே ரிசார்ட்ஸ் வேர்ல்ட், நாங்கள் இறங்க வேண்டிய இடம். அக்கா "எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ" என்று ஆரம்பித்து, கடைசியில் "கொஞ்சம் வழி விடுங்கப்பா" என்று தமிழுக்கே வந்துவிட்டார், அதற்குள் கதவு மூடிவிட்டது. அப்புறம் இம்பியா. அங்கேயும் அதே கதை. கடைசி நிறுத்தமான பீச்சில் ரயிலே காலியானபோதுதான் எங்களுக்கும் பெட்டிக்கும் விடுதலை.

அங்கே நடைமேடையில் நிற்கும்போது அக்காவின் அப்பா கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"போய்ச் சேர்ந்தாச்சா?"

"தாண்டி வந்துட்டோம்பா. திரும்பிப் போகணும்."

"நாங்கள்லாம் ஃபெரியிலதான் போவோம். இவ்வளவு நேரம் ஆகாது."

பாலம் 1992இல் வந்தது, அதற்கு முன்னால் படகும் கேபிள் காரும்தான். அவருக்கு அந்தத் தீவு 1970களின் தொடக்கத்தில் செந்தோசா ஆவதற்கு முந்தைய பெயரிலேயே, பிளாக்காங் மாத்தி என்றே, பழக்கம். பட்டாளத்தார் இருந்த இடம். அடுத்த கேள்வியும் எனக்குத் தெரியும், எப்போது செந்தோசா பேச்சு வந்தாலும் கேட்பார்: "அந்த மியூசிக்கல் ஃபவுண்டன் இன்னும் ஓடுதா?" 2007இலேயே மூடிவிட்டார்கள் என்று அக்காவும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். "அப்ப அங்க என்னதான் இருக்குன்னு போறீங்க?" என்று போனை வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை தம்பதி இதற்கிடையே ஆகாயத்தில் இருந்தார்கள். புது மனைவிக்கு கேபிள் காரில் போக ஆசை. மாப்பிள்ளையின் அம்மா 1983 கேபிள் கார் விபத்துச் செய்திகளோடு வளர்ந்தவர், அதில் ஏறவே மாட்டார், மகனையும் ஏறவிட மாட்டார், அதனால் அவன் வீட்டில் "பஸ்ஸில் போகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மேலிருந்து ஸ்டேட்டஸ் போட்டபோது அம்மாவை மறைக்க மறந்துவிட்டான். கேபிள் கார் இறக்கிவிடுவது இம்பியா மேட்டில். அங்கிருந்து இறங்கி வருகிற வழி முழுக்க அவன் போனில் திட்டு வாங்கிக்கொண்டே வந்தான், மனைவி பத்தடி தள்ளி யாரோ மாதிரி நடந்து வந்தாள். கெட்டிக்காரப் பெண்.

மூன்றரைக்கு ஹோட்டல் வரவேற்பறையில் நாலு பேரும் பெட்டியும் ஒருவழியாக ஒன்றுசேர்ந்தோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. இங்கே மத்தியான மழை சொல்லிவிட்டு வராது. திருச்சிக்காரனைக் காணோம், போன் போகவில்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை, அறை யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஆடிட்டரைக் காணோம். அடையாள அட்டையோடு அவர் வந்தால்தான் சாவி என்று கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். நியாயம்தான்.

ஆடிட்டர் என்ன செய்தான் என்றால், 4 வெள்ளியை மிச்சப்படுத்த செந்தோசா போர்ட்வாக் என்கிற நடைபாலத்தில் நடந்தே வந்திருக்கிறான். அதில் தப்பில்லை, நகரும் நடைபாதையெல்லாம் இருக்கிறது. வந்தவன் கீழ்த்தளத்தில் இறங்கியிருக்கிறான், அங்கே ஒரு வரிசை, எல்லார் கையிலும் அடையாள அட்டை, கோட்டு போட்ட காவலர் ஒவ்வொருவரையும் பார்த்து உள்ளே அனுப்புகிறார். செக்-இன் வரிசை என்று முடிவு செய்து நின்றுவிட்டான்.

அது சூதாட்டக்கூடம்.

காவலர் அட்டையைப் பார்த்து, 150 வெள்ளி கட்டணும் என்றிருக்கிறார். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளைக்குக் கட்ட வேண்டிய நுழைவுத்தீர்வை அது. முதலில் 100ஆக இருந்து 2019இல் 150 ஆக்கினார்கள். நம்ம ஆள் விடுவானா, "நான் ஏற்கெனவே ஆன்லைனில் கட்டிட்டேன்" என்றிருக்கிறான். ரசீது கேட்டதற்கு ஹோட்டல் முன்பதிவு மின்னஞ்சலை நீட்டியிருக்கிறான். இது அறைக்கு, இது வேறு என்று அவர் சொல்ல, அறைக்குள்ள போகத்தான் நிக்கிறேன் என்று இவன் சொல்ல, பக்கத்தில் வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் காசே கட்டாமல் உள்ளே போவதைப் பார்த்ததும் இவனுக்குத் தேசப்பற்றே வந்துவிட்டது. உள்ளூர்க்காரனுக்கு மட்டும் ஏன் இந்த அநியாயம் என்று ஆங்கிலத்தில் உரையாற்றியிருக்கிறான். பின்னால் நின்ற ஒரு அங்கிள்தான் தோளைத் தட்டி, ஹோட்டல் மேலே லா என்று லிஃப்டைக் காட்டினாராம்.

இதையெல்லாம் அறையில் உட்கார்ந்து புளிசாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே அவன் சொன்னான். இரண்டாவது டப்பாவை அவன்தான் முடித்தான். அக்கா மற்றவர்களுக்கு ரைஸ் குக்கரில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

நாலரைக்குக் கதவு தட்டப்பட்டது. திருச்சிக்காரன், ஒரு துளி நனையாமல்.

"எங்கடா போனே?" என்றான் ஆடிட்டர். "உனக்கு எத்தனை போன் போடுறது?"

"கேசினோ உள்ளதான் இருந்தேன். பாஸ்போர்ட் காட்டினா ஃப்ரீயாமே. சும்மா ஒரு சுத்து பார்த்துட்டு வந்தேன், ஒரு வெள்ளிகூட வைக்கலை." செருப்பைக் கழற்றிவிட்டு கட்டிலில் சாய்ந்தான். "உன்னைக்கூடப் பார்த்தேனேடா. வாசல்ல நின்னு செக்யூரிட்டிகிட்ட சண்டை போட்டுட்டு இருந்தே. நமக்கு எதுக்கு ஊர் வம்புன்னு அப்படியே உள்ள போயிட்டேன்."