2+ என்று வந்த ரிப்போர்ட்

மார்பக கேன்சர் ஆபரேஷன் முடிந்து எனக்கு வந்த ரிப்போர்ட்டில் ஹெர்-2 என்ற புரதத்துக்கான இடத்தில் 2+ என்று போட்டிருந்தது. 0, 1+ வந்தால் நெகட்டிவ், 3+ வந்தால் பாசிட்டிவ். 2+ வந்தால், கட்டியில் அந்தப் புரதத்தின் மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் செய்துதான் முடிவு சொல்ல முடியும். ஆபரேஷன் நடந்த இடத்தில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, கீமோ போதும் என்றார்கள்.

எங்கள் குழித்துறைப் பக்கம் கேன்சர் என்றாலே திருவனந்தபுரத்தில் இருக்கும் ஆர்.சி.சி. என்ற கேன்சர் ஆஸ்பத்திரிதான். நானும் நாத்தனாரும் ரயில் ஏறிப் போனோம். அங்கே டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கேட்டது, "ஃபிஷ் எங்கே?" என்றுதான். பழைய லேபில் இருந்து என் கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்திருந்த பிளாக்கை வாங்கிக் கொடுத்தோம். அந்தச் சின்னச் சதுரத்தை நாத்தனார் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தார். ஃபிஷ் பாசிட்டிவ். அந்த டெஸ்ட் இல்லாமல் போயிருந்தால் எனக்கு வேண்டிய மருந்தே கிடைத்திருக்காது. 2+ பார்த்தவர்கள் யாரும் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஹெர்-2 செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம். அது அளவுக்கு மீறிப் பெருகினால் 'வளரு, வளரு' என்று செல்லுக்கு ஓயாமல் உத்தரவு போகும். எனக்குக் கொடுத்த டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அதில் ஒட்டிக்கொண்டு உத்தரவை நிறுத்தும். நம் எதிர்ப்புச் செல்களுக்கு ஆளைக் காட்டியும் கொடுக்கும். 2014-ல் இந்தியாவிலேயே தயாரான பயோசிமிலர், அதாவது இதே மாதிரியான மாற்று மருந்து, வந்த பிறகு விலை குறைய ஆரம்பித்தது. இருந்தாலும் 3 வாரத்துக்கு ஒன்று வீதம் ஒரு வருடம் என்றால் லேசான செலவு இல்லை.

முதல் டோஸை ஒன்றரை மணி நேரம் மெதுவாக ஏற்றினார்கள். பாதியில் குளிர் நடுக்கம் வந்து பல் கிட்டிப்போனது. "பேடிக்கேண்ட சேச்சி" (பயப்படாதீங்க அக்கா) என்று நர்ஸ் டிரிப்பை நிறுத்தி, ஊசி போட்டு, கம்பளி போர்த்திவிட்டார். பிறகு ஒருநாளும் நடுக்கம் வரவில்லை. கீமோ முடிந்து இது மட்டும் ஓடிய மாதங்களில் முடியும் முளைத்துவிட்டது.

பயம் காட்டியது இதயம்தான். இந்த மருந்து சிலருக்கு இதயத்தின் பம்ப் பண்ணும் சக்தியைக் குறைக்கும், அதனால் 3 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேன். எனக்கு அந்த பம்ப் சக்தியைக் காட்டும் இ.எஃப். 62 சதவீதத்தில் இருந்து 48-க்கு இறங்கியது. எனக்கோ மூச்சுமுட்டல், கால்வீக்கம் எதுவும் இல்லை; எக்கோ எடுக்காமல் இருந்தால் தெரிந்தே இருக்காது. மருந்தை நிறுத்தி வைத்து இதய டாக்டரிடம் அனுப்பினார்கள். 'இனி கிடைக்காதோ' என்று வீட்டில் அழுதேன். அப்புறம் 58-க்கு ஏறியதும் திரும்ப ஆரம்பித்து வருடத்தை முடித்தார்கள். இப்போதும் 6 மாதத்துக்கு ஒரு எக்கோ எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.