மகுடம் வருவதற்கு முன்

"மகுடம் வாரதுக்கு முன்னாடியே ஏன் அண்ணாச்சி நிப்பாட்டுனீய?"

மகுடம் என்பது அவர்கள் பாட்டில் வரும், பறை மாதிரியான தோல் வாத்தியம். அந்தப் பாட்டை ரேடியோவில் போட்டு நடுவில் நிறுத்தியவன் நான். அந்தப் பையன் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி அன்றைக்கே மறந்திருப்பேன். விளம்பர நேரம் தம்பி என்றேன். "சரி அண்ணாச்சி" என்று எழுந்து போய்விட்டான்.

விளம்பர நேரம் என்பது உண்மைதான். பட்டியல் முழுக்கச் சென்னையிலிருந்து வரும். சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு மேல் ஒரு மணி நேரம்தான் என் கையில். அதில் கிட்டாரும் டிரம்ஸும் இரைகிற ஒரு மெட்டல் பாட்டைப் போட்டதே பெரிது என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பாளையங்கோட்டைப் பையன்கள் ஐந்து பேர். முதலில் கொண்டுவந்தபோது பாட்டு ஒன்பது நிமிஷம், எம்பி3. விரட்டாமல் உட்காரவைத்துச் சொன்னேன்: ரேடியோவுக்கென்று நாலு நிமிஷத்துக்குள் தனியாக வெட்டுங்கள், சுருக்காத வேவ் ஃபைலாகக் கொடுங்கள். ஐ.எஸ்.ஆர்.சி. எண் வாங்குங்கள், எழுத்தும் இலக்கமுமான அந்த 12 குறிதான் பதிவுக்கு அடையாளம். எழுதியவனும் மெட்டுப் போட்டவனும், ராயல்டி வாங்கித் தரும் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் சேருங்கள். உரிமை எங்களுடையது, ஒலிபரப்பச் சம்மதம் என்று ஒரு கடிதம் வேண்டும். கடைசி மெருகான மாஸ்டரிங்கில் சத்தத்தை நெருக்கி ஏற்றாதீர்கள். ஒலிபரப்பும்போது எங்கள் பிராசஸர் மறுபடி நெருக்கும், டிரம்ஸின் சிம்பல் தட்டு எல்லாம் சீறலாகிவிடும்.

பிறகு மிக்ஸரில், இடமும் வலமும் ஒன்றாகச் சேர்க்கும் மோனோ பட்டனை அழுத்தினேன். அதுவரை ஸ்பீக்கர் இரண்டிலும் மலை மாதிரி நின்ற கிட்டார் காணாமல் போனது. டிரம்ஸும் குரலும் மட்டும் தனியாக ஓடின. அகலமாகக் கேட்கவேண்டும் என்று ஒரு பக்கத்தின் ஒலியலையைத் தலைகீழாக்கி வைத்திருந்தார்கள். சேர்ந்ததும் ஒன்றையொன்று தின்றுவிட்டது. டீக்கடை ரேடியோவில் இப்படித்தான் கேட்கும் என்றேன். திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் ரிஃப்பை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து இடமும் வலமும் வைக்கச் சொன்னேன். கிட்டார் பையன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் செய்துகொண்டு வந்தார்கள். 3 நிமிஷம் 52 விநாடி. மகுடம் நுழைவது 3:05-இல். 2:50-இல் என் கை, சத்தத்தைக் குறைக்கும் ஃபேடரை இறக்கியது.

சினிமாப் பாட்டுக்காக அதே விளம்பரத்தை ஒன்றரை நிமிஷம் தள்ளியிருக்கிறேன். அன்றைக்குத் தள்ளவில்லை. அடித்தொண்டையில் உறுமுகிற அந்தக் குரலுக்குக் கேட்கிறவர்கள் ஸ்டேஷனை மாற்றிவிடுவார்கள் என்று பயந்தேன். பயத்துக்கு விளம்பரம் கைகொடுத்தது. ஆனால் யாரும் போன் செய்து திட்டவில்லை. பயம் வீண் என்று அதற்கு அர்த்தமா, யாருமே கேட்கவில்லை என்று அர்த்தமா?

ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டில் மகுடம் வாசித்த கணியான் கூத்துக்காரர்; எங்கள் பக்கத்துக் கோயில் கலை அது. சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடமும் அடித்து விடியவிடிய நின்றவர். "தாத்தா ரேடியோவ மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாவ" என்று வேறொரு பையன் பிறகு சொன்னான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஒன்பது நிமிஷப் பாட்டு தொடங்கியதே மகுடத்தில்தான். ஆரம்பம் இவ்வளவு நீளம் ஆகாது, குரல் 15 விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்றவன் நான். அவர்கள் அதைக் கடைசிக்குக் கொண்டுபோனார்கள்.

யோசனை தப்பில்லை என்றே இன்னும் நினைக்கிறேன். எங்களை மாதிரி ஸ்டேஷனுக்கு அதுதான் வழி. ஆனால் கல்லூரிச் சமுதாய வானொலிக்கும் முழுப் பாட்டைக் கொடுங்கள் என்று அன்றே சொல்லியிருக்கலாம். 100 வாட்தான், சில கிலோமீட்டர்தான் எட்டும். பாதியாவது உள்ளூர் நிகழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. எனக்குத் தெரிந்த விஷயம்தான். எங்கள் ஸ்டேஷனில் வந்தால்தான் பாட்டு வந்த மாதிரி என்று அப்போது நினைத்திருந்தேன்.

அந்த வேவ் ஃபைல் இன்னும் என்னிடம் இருக்கிறது. மோனோவில் போட்டுப் பார்த்தேன். கிட்டார் அப்படியே நிற்கிறது.