யூதிடெமஸ் பெயரில் சோக்தியர் அடித்த வெள்ளி

மத்திய ஆசியாவின் சமர்கந்து, புகாரா வட்டாரத்தில் வாழ்ந்த சோக்தியரின் காசை அறிய, அதன் மூலத்தை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பாக்திரியாவின் (இன்றைய வட ஆப்கானிஸ்தான் பகுதி) கிரேக்க அரசன் முதலாம் யூதிடெமஸின் நான்கு டிராக்மா வெள்ளிக்காசில், முன்பக்கம் தலைப்பட்டி கட்டிய அரசன் தலை வலம் பார்த்திருக்கும். பின்பக்கம் பாறைமேல் அமர்ந்த கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ், கையில் தண்டாயுதம். இருபுறமும் ‘பசிலெயோஸ்’, ‘யூதிடெமூ’ (‘அரசன் யூதிடெமஸின்’) என்ற கிரேக்க எழுத்துகள். எடை ஏறத்தாழ 16 கிராம். கி.மு. 208 வாக்கில் செலூக்கிய அரசன் மூன்றாம் அந்தியோக்கஸின் முற்றுகையை, தன் தலைநகர் பாக்ட்ராவில் தாங்கி நின்றவன் இந்த யூதிடெமஸ்.

அவன் மறைந்து நெடுங்காலம் ஆன பிறகும் புகாரா வட்டாரத்தில் அதே உரு அடிக்கப்பட்டது. கைக்குப் பழகிய முகத்தைத்தான் வணிகர்கள் தயங்காமல் வாங்கியிருப்பார்கள்.

முதலில் சிதைவது எழுத்து. அச்சு வெட்டுபவர் காசைப் பார்த்து வெட்டுகிறார். அச்சில் எல்லாமே இடவலம் மாறியிருக்க வேண்டும். கிரேக்கம் படிக்கத் தெரியாதவர் பார்த்தபடியே வெட்டினால், காசில் எழுத்து கண்ணாடிப் பிம்பமாக விழும். அடுத்தவர் அந்தக் காசையே மூலமாகக் கொள்கிறார். இப்படியே போய் எழுத்துகள் வெறும் கோடுகளாகின்றன. பாறை கூழாங்கற் குவியலாகிறது, ஹெராக்ளிஸின் உடல் குச்சிகளாகிறது, அரசன் மூக்கு கூர்மையாகிறது. பிற்காலத்தவற்றில் மேற்காசியாவின் அரமேய எழுத்து வழிவந்த உள்ளூர் எழுத்து நுழைகிறது. எடையும் 10 கிராமுக்குக் கீழே இறங்குகிறது.

ஆனால் உருவம் சிதைந்த அளவை மட்டும் வைத்துக் காலவரிசை போடாதீர்கள். ஒரே காலத்தில் கைதேர்ந்தவரும் புதியவரும் அச்சு வெட்டியிருக்கலாம். ஒரே முன்பக்க அச்சு இரு வேறு பின்பக்க அச்சுகளோடு சேர்ந்து வந்தால், அந்தக் காசுகள் அடுத்தடுத்த காலத்தவை என்பதற்கு அதுவே வலுவான சான்று.

வெள்ளியின் தரத்தை அடர்த்தி கொண்டு பார்க்கலாம். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். வெளியே 9.00 கிராம், நீரில் 8.12 என்றால் குறைவு 0.88; 9.00-ஐ 0.88 ஆல் வகுத்தால் அடர்த்தி 10.23. தூய வெள்ளி 10.49, செம்பு 8.96; செம்பு கலக்கக் கலக்க அடர்த்தி இறங்கும். காசில் ஒட்டிய காற்றுக்குமிழியும் அரிப்புத் துளைகளும் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். குமிழியைத் தவிர்க்க நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள். எக்ஸ்-கதிர் கருவி மேற்பரப்பை மட்டுமே அளக்கும். மண்ணில் கிடந்த காலத்தில் மேலடுக்குச் செம்பு கரைந்திருப்பதால், உள்ளதைவிட நல்ல வெள்ளியாக அது காட்டும்.

சமர்கந்துப் பக்கத்து வில்லாளிக் காசுகள், அதாவது பின்பக்கம் வில்லேந்தியவன் உரு கொண்டவை, வேறு மரபு. பிற்கால வில்லாளிகள் ஒரு கிராமுக்கும் குறைவு, 0.01 கிராம் காட்டும் தராசு இல்லாமல் அவற்றை வகைப்படுத்தவே முடியாது. மேலே படிந்த சாம்பல் நிற வெள்ளிக் குளோரைடைச் சுரண்டாதீர்கள். அந்த மெல்லிய தகட்டில் வில் இருப்பதே அந்தப் படிவுக்குள்தான் என்றால், படிவோடு வில்லும் போய்விடும்.