ஏசி சத்தமா? முதல்ல புல்லியைப் பாருங்க

பழைய கார்ல கரகரன்னு ஒரு சத்தம், புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு போறதுக்குள்ள காது போயிடும். செங்கோட்டையில் ஒருத்தர் கேட்ட மாத்திரத்தில் ஏசி வாயுவை அழுத்துற கம்ப்ரசரையே மாத்தணும்னார். அவ்வளவு அவசரமா அண்ணாச்சி? ஏசியை ஆஃப் செய்தும் சத்தம் நிற்கவில்லை. கம்ப்ரசர் புல்லி, அதாவது பெல்ட் ஓடுற சக்கரம், ஏசி ஓடாதபோதும் பெல்ட்டோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும், கிளட்ச் 'டிக்'கென்று பிடித்தால்தான் உள்ளே கம்ப்ரசர் ஓடும், ஆக சந்தேகம் முதலில் புல்லி உரசாமல் சுற்ற உதவும் பேரிங் மேல்தான். எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றினால் உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி நறநறப்பு, லேசா ஆட்டமும் இருந்தது. புனலூர் மெக்கானிக் சேட்டனும் அதையே சொன்னார். பேரிங் மட்டும் மாத்தியாச்சு, ஏசி வாயுவை வெளியே விடவே இல்லை. அப்புறம், சத்தம் ஃபேன் வேகத்தோடு கூடிக் குறைந்தால் அது காருக்குள் காற்றைத் தள்ளும் புளோயர், சில நேரம் உள்ளே சருகு கிடக்கும்.