ஊர்த் தண்ணீரில் கழுவிய படங்கள்

பிப்ரவரி 3, 2025

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போன வாரம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். வீட்டில் யாருடைய போனையாவது வாங்கி, 'இதுதான் எங்க ஊர்' என்று காட்ட ஒரே ஒரு படம் எடுத்து வர வேண்டும். இன்று 31 படங்கள் வந்தன. அதில் 19 படங்கள் டேன்ஸ்பர்க் கோட்டை. அதுவும் வேனில் வந்து இறங்குகிறவர்கள் எடுப்பார்களே, அதே இடத்தில் நின்று எடுத்தவை. 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைதான் தரங்கம்பாடியின் முகம் என்று இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் பதிந்துபோயிருக்கிறது. மீதிப் படங்களில் புது எருசலேம் தேவாலயம், ஊர் நுழைவாயில், மாசிலாமணிநாதர் கோயில். எதுவும் தப்பில்லை. ஆனால் எதிலும் எடுத்த பிள்ளை இல்லை.

ஒரு படம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. மீனவர் குடியிருப்பிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன் எடுத்தது. தெற்கே பார்த்து நின்று எடுத்திருக்கிறான். இடது பக்கம் கடல், நடுவில் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல், வலது பக்கம் கொஞ்சம் மணல். அவ்வளவுதான்.

"இதுல என்னப்பா இருக்கு?"

"எங்க ஆயா வீடு டீச்சர்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லும் தண்ணீரும்தான். 2004 சுனாமியில் போன அவன் பாட்டி வீடு. அவன் பிறந்ததே அதற்கு ஆறேழு வருடம் கழித்துத்தான். பார்க்காத வீட்டைத்தான் படம் எடுத்து வந்திருக்கிறான்.

ராத்திரி முழுக்க அந்தப் படம்தான் மனதில். கேமராவுக்குத் தெரியாத வீட்டைப் படத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது?

பிப்ரவரி 8

சனிக்கிழமை. ஆறு பிள்ளைகள் வந்தார்கள். ரொம்ப நாளாகச் செய்ய நினைத்திருந்த சயனோடைப்பை, அதாவது வெயிலில் நீலப் படம் அச்செடுக்கும் முறையை, இன்று தொடங்கிவிட்டேன். பெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மில்லி தண்ணீரில். பொட்டாசியம் பெரிசயனைடு 10 கிராம், தனியாக இன்னொரு 100 மில்லியில். இரண்டையும் சம அளவு கலந்து, இருட்டறையில் குண்டு பல்பு வெளிச்சத்தில் டிராயிங் தாளில் பிரஷ்ஷால் பூசிக் காயவைத்தால் தாள் தயார். வெயில் பட்ட இடம் நீலமாகும், நிழல் விழுந்த இடம் வெள்ளையாகவே நிற்கும். ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டுபிடித்த முறை. அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இப்படி அச்செடுக்கத் தொடங்கிவிட்டார். பொறியாளர்கள் சொல்லும் புளூபிரிண்ட் பிறந்ததும் இதிலிருந்துதான்.

பெயரில் 'சயனைடு' இருப்பதால் முதலில் எல்லோருக்கும் பயம். இது அந்த விஷம் இல்லை, இதில் சயனைடை இரும்பு இறுகப் பிடித்து வைத்திருக்கிறது, வீரியமான அமிலத்தோடு சேர்க்கக் கூடாது, சூடாக்கக் கூடாது என்று எங்கள் வேதியியல் சாரே வந்து விளக்கினார். கையுறை இல்லாமல் யாரும் தொடவில்லை.

போனில் எடுத்த படத்தை இப்படி அச்செடுக்க, கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிய நெகட்டிவ் வேண்டும். அதற்குப் பிளாஸ்டிக் தாள் வாங்கக் கட்டுப்படியாகாது. போனிலேயே படத்தை நெகட்டிவாக மாற்றி, சாதாரண ஜெராக்ஸ் தாளில் அச்செடுத்து, பின்பக்கம் தேங்காய் எண்ணெய் தடவினோம். எண்ணெய் ஊறியதும் தாள் கண்ணாடிபோல வெளிச்சத்தை விடுகிறது. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் தஞ்சாவூரையும் மதுரையையும் படமெடுத்ததும் மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில்தான். அந்தக் காலத்து நெகட்டிவில் வானம் வெறுமையாக விழும். அதனால் ட்ரைப் நெகட்டிவிலேயே வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்துவிடுவார். இதைச் சொன்னதும் ஒரு பெண் கேட்டாள்: "அப்படின்னா படத்துல இல்லாததைச் சேர்க்கலாமா டீச்சர்?"

சேர்க்கலாம் என்றேன். அந்தப் பையன் என்னைப் பார்த்தான்.

பிப்ரவரி 10

முதல் அச்சு. நெகட்டிவ் வேண்டாம், பொருளையே தாள்மேல் வைப்போம் என்று தொடங்கினோம். ஒருத்தி அடும்புக் கொடி பறித்து வந்தாள், மான் குளம்பு மாதிரிப் பிளந்த அந்த இலையோடு. இன்னொருவன் கிழிந்த வலைத் துண்டு. மேலே கண்ணாடி வைத்து மைதானத்தில் எட்டு நிமிடம். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்த தாள் கண்ணெதிரே சாம்பல் பூத்து வருவதைப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். தண்ணீரில் போட்டதும் மஞ்சள் கரைந்து ஓட, அடியிலிருந்து நீலம் வந்தது. வலையின் ஒவ்வொரு கண்ணியும் வெள்ளையாக, முடிச்சு உட்பட.

வராந்தாவில் கொடி கட்டிக் காயப்போட்டுவிட்டு வந்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் இவ்வளவு சந்தோஷம்.

பிப்ரவரி 11

காலையில் போய்ப் பார்த்தால் நீலம் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, பத்துத் தடவை துவைத்த யூனிபார்ம் சட்டை மாதிரி வெளிறி நின்றது. வெள்ளையாக இருக்க வேண்டிய வலைக் கண்ணிகளில் மஞ்சள் கறை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

தாளா, மருந்தா, வெயிலா என்று மதியம் வரை யோசித்தேன். கடைசியில் தண்ணீர் என்று பிடிபட்டது. இந்த நீலத்துக்குக் காரத்தன்மை ஆகாது. நாங்கள் கழுவியது காரத்தன்மை உள்ள பள்ளி போர்வெல் தண்ணீரில். வாளி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பதைத் தினமும் பார்க்கிறேன், தோன்றவே இல்லை.

பிப்ரவரி 15

ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஐந்து வகை வந்தது: பள்ளி போர், மீனவர் தெரு அடிபம்பு, குடிதண்ணீர்க் குழாய், பொறையாறில் ஒரு வீட்டுக் கேணி, கடல். ஒரே தாளில் பூசி, ஒரே வெயிலில் காட்டி, ஐந்து துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தண்ணீரில் பத்து நிமிடம் போட்டோம்.

குடிதண்ணீரில் நீலம் அழுத்தமாக நின்றது. கேணித் தண்ணீரில் சற்றே இளசு. போர் தண்ணீரில் முன்பு பார்த்த அதே வெளிறல். அடிபம்பில் அதைவிட மோசம், ஓரமெல்லாம் மஞ்சள். கடல் தண்ணீர்தான் எங்களை ஆச்சரியப்படுத்தியது. நீலம் ஒரேயடியாகப் போகவில்லை, திட்டுத்திட்டாகப் பிரிந்து, காய்ந்தபின் மேலே உப்புப் பூத்து, விரலால் தொட்டால் நறநறவென்றது. ஒரு பையன் நுனிநாக்கில் வைத்துப் பார்க்கப் போனான், நல்லவேளை பிடித்துவிட்டேன்.

தீர்வு சின்னது. கழுவும் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டால் போதும், போர் தண்ணீரிலும் நீலம் நிற்கிறது. ஆனால் ஐந்து துண்டுகளையும் வரிசையாக ஒட்டிப் பார்த்தபோது எனக்கு அதைத் திருத்த மனம் வரவில்லை. கீழே எந்தத் தெருத் தண்ணீர் என்று பிள்ளைகள் எழுதினார்கள். கோட்டையும் இல்லை, கோயிலும் இல்லை, ஐந்து நீலம் மட்டும். கடலிலிருந்து எவ்வளவு தள்ளி யார் குடியிருக்கிறார்கள், யார் எதைப் புழங்குகிறார்கள் எல்லாம் அதில் இருக்கிறது. இந்த ஊரைப் பற்றி இதுவரை நான் பார்த்த படங்களில் இதுதான் நல்ல படம் என்று நினைக்கிறேன். அடிபம்புத் தெருப் பெண் தன் துண்டைக் காட்டி, "எங்கம்மா சோறு வடிக்கிறப்ப இந்தக் கலர்தான் டீச்சர் வரும்" என்றாள்.

பிப்ரவரி 22

பையனின் கருங்கல் படத்தை எலுமிச்சைத் தண்ணீரில் கழுவி, பெரிய தாளில் அச்செடுத்து, அவனோடு அவன் ஆயா வீட்டுக்குப் போனேன். இப்போது இருப்பது சுனாமிக்கு அப்புறம் கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த வீடு. ஆயா மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தாளைத் தரையில் விரித்தோம்.

"ஆயா, உங்க வீடு இதுல எங்க இருந்திச்சு?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கோயிலைத் தேடினார். படத்தில் அது இல்லை. தாளுக்கு வெளியே தரையில் ஒரு இடத்தைத் தொட்டு, "இது மாசிலாமணி கோயிலுன்னு வச்சுக்க" என்றார். அங்கிருந்து விரலை மெல்ல நகர்த்தினார். மணலைத் தாண்டியது. கல்லைத் தாண்டியது. கடலுக்குள் போயிற்று. நிற்கும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. தாளின் இடது ஓரத்தையும் தாண்டி, சிமெண்ட் தரையில் ஒரு முழம் போய் நின்றது.

"இங்க வாசல். இது திண்ணை. இங்க படகை ஏத்தி வைப்போம். அதுக்கும் அந்தாண்டதான் டீச்சரம்மா கடல்."

ஈரம் காயாத விரல் தரையில் கோடு போட்டது. வாசல், திண்ணை, அடுப்படி. பையன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் கிளம்புவதற்குள் கோடு காய்ந்துவிட்டது.

1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டிய கோயிலின் முன்பகுதியையே கடல் கொண்டுபோயிருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு முழத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

மார்ச் 2

தாளை நீட்டிவிட்டோம். வேறு வழியில்லை, வீடு தாளுக்கு வெளியே இருக்கிறது. இன்னொரு தாளில் மருந்து பூசி, மேலே எதுவும் வைக்காமல் வெயிலில் காட்டி, முழு நீலமாக எடுத்துப் படத்தின் இடது பக்கம் ஒட்டினோம். இந்தத் தாளை மட்டும் கடல் தண்ணீரில் கழுவலாம் என்று பையன்தான் சொன்னான். சரியான யோசனை. திட்டுத்திட்டாகப் பிரிந்த அந்த நீலம் நிஜக் கடல் மாதிரியே வந்தது.

அதன்மேல் வீட்டை எப்படி வரைவது? வெள்ளை வண்ணத்தில் வரைந்து பார்த்தோம், பாடப்புத்தகப் படம் மாதிரி இருந்தது. வெள்ளைப் பருத்தி நூலால் தைத்தோம், பரவாயில்லை. அப்புறம் தாத்தா வலைக்குப் போடும் தங்கூஸ் நூலைப் பையன் கொண்டுவந்தான். ஒளி ஊடுருவும் நைலான். முதல் தையலிலேயே தாள் கிழிந்தது. தாத்தாவிடம் கேட்டு வந்தான்: பழைய கைலித் துணியைப் பின்னால் மைதாப் பசையில் ஒட்டு, ஊசி குத்துகிற இடத்தில் முன்னாடியே ஓட்டை போட்டு வை. அப்படியே செய்தோம். முடிச்சுகளைத் தாத்தா வந்து அவர் கையாலேயே போட்டார், வலை முடிச்சு, அவிழாது.

நேராகப் பார்த்தால் வெறும் நீலம்தான். தாளைக் கொஞ்சம் சாய்த்தால் நூலில் வெளிச்சம் ஓடி, வாசலும் திண்ணையும் அடுப்படியும் எழுந்து நிற்கின்றன. நிமிர்த்தினால் மறைந்துவிடுகின்றன. பருத்தி நூலைப் பிரித்து எடுத்துவிட்டோம்.

மார்ச் 9

வெளிறிப்போன பழைய அச்சுகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் கட்டன் டீயில் ஊறப்போட்டோம். டீயின் துவர்ப்பு நீலத்தைக் கறுப்பாக்குகிறது. வலை அச்சு பழைய ஓலைபோல ஆகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது.

தாள் தீர்ந்துபோனதால் பேச்சு காகிதத்தின் பக்கம் போயிற்று. 1706-ல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் நூல்கள் அச்சிட்டபோது அவருக்கும் காகிதப் பஞ்சம்தான். அதற்காகவே பக்கத்தில் காகிதப் பட்டறை தொடங்கினார்கள், பொறையாறு பக்கம் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து வரும் பெண்ணுக்குத் தன் ஊர்ப் பெயரில் கடுதாசி இருப்பது இன்றுதான் தெரிந்தது. அடுத்த தாளை நான்தான் பூசுவேன் என்று வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 22

ஆயாவைப் பள்ளிக்கு அழைத்து வந்தோம். வராந்தாச் சுவரில் படத்தை மாட்டாமல், அவர் அன்று பார்த்தபடியே தரையில் விரித்தோம். குனிந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நூலில் வெளிச்சம் விழுந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நூலை விரலால் தடவிக்கொண்டே போனார். அடுப்படியைத் தாண்டி ஓரிடத்தில் விரல் நின்றது.

"எல்லாம் இருக்கு. மரத்த விட்டுட்டியேடா."

"என்ன மரம் ஆயா?"

"பூவரச மரம். உங்கப்பன தூளி கட்டிப் போட்டது அதுலதான்."

ஏப்ரல் 19

15-ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகள் கரையில் நிற்கின்றன. தாத்தாவோடு இன்னும் இரண்டு பேர் இன்று பள்ளிக்கு வந்தார்கள், தங்கள் வீடு எங்கே இருந்தது என்று சொல்ல. தாள் இப்போது ஏழு தாள் நீளம், எல்லாம் இடது பக்கமாகவே வளர்கிறது. மருந்து இன்னும் இரண்டு பூச்சுக்குத்தான் வரும்.

பையன் பள்ளிக்குப் பின்னாலிருந்து பூவரசம் இலை பறித்து வந்தான். கொஞ்சம் பழுத்தது, பச்சை, துளிர் என்று மூன்று. பச்சையைத் தேர்ந்தெடுத்து, பூசிய தாளில் ஆயா விரல் நின்ற இடத்துக்கு நேராக வைத்துக் கண்ணாடியால் மூடினான். பிப்ரவரியில் எட்டு நிமிடம் பிடித்தது, இந்த வெயிலுக்கு ஐந்தே போதும். நிழல் விழாமல் எல்லோரும் தள்ளி நின்றோம். தாத்தா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.